மலையில் ஒரு நெய்தல்

மடுல்சீமையில் மாரிக்காலத்து முற்பகலில் வகுப்பு நடத்துவது மேகத்துக்குள் அமர்ந்து பேசுவதை ஒக்கும். சாளரத்தின் வழியே மூடுபனி நுழையும், பின்வரிசை மாணவரின் முகம் மங்கும், கரும்பலகை வியர்க்கும், எழுதிய எழுத்தின் ஓரங்கள் ஈரத்திற் கரையும். அத்தகைய ஒரு நாளில் நான் உயர்தர வகுப்புக்கு நெய்தற்றிணை நடத்திக்கொண்டிருந்தேன்.

பாடம் நற்றிணையின் 172ஆம் செய்யுள். கடற்கரையில் தோழியரோடு விளையாடிய சிறுமி ஒருத்தி புன்னை விதையொன்றை வெண்மணலில் அழுத்திவிட்டு மறந்துபோகிறாள். அது முளைக்கிறது. பாலும் நெய்யும் பெய்து வளர்க்கிறார்கள். அம்மரம் உனக்கு உடன்பிறந்தாள் என்று அன்னை சொல்லிவைக்கிறாள். சிறுமி கன்னியாகிறாள், விதை மரமாகிறது, அதன் நிழலுக்குக் காதலன் வருகிறான். உடன்பிறந்தாள் முன்னிலையில் அவனோடு சிரித்துப் பேச நாணமாக இருக்கிறது என்கிறார்கள். மரத்தை உறவாக எண்ணிய இந்த உள்ளத்தை வியந்து நான் சற்று நீளமாகவே பேசினேன். பேசி முடித்ததும் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"ஐயா, புன்னை எப்பிடி இருக்கும்? சவுக்கு மாதிரியா, முள்ளுமுருங்கை மாதிரியா?"

தேயிலை மலையில் பிறந்த பிள்ளைக்குத் தெரிந்த மரங்கள் அவை. நான் நிகண்டு கூறும் பெயர்களை ஒப்புவித்தேன். பூ வெண்மை, தாது பொன்மை, அரும்பு முத்துப் போன்றது என்றேன். அவள் அனைத்தையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். பின்னர், "ஐயா பாத்திருக்கீங்களா?" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. "இல்லையம்மா" என்றேன். வகுப்பு சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

கடலை நான் காணாதவனல்லன். பண்டிதத் தேர்வுக்குப் படித்த காலத்திலும், அலுவல் நிமித்தம் கொழும்புக்குச் சென்ற வேளைகளிலும் கண்டிருக்கிறேன். ஆயின் காண்டல் வேறு, நோக்கல் வேறு. இருபத்தெட்டு ஆண்டுகளாகப் புன்னை, ஞாழல், தாழை, அடும்பு, அலவன், குருகு என்று கருப்பொருட் பட்டியலை மனனம் செய்வித்துப் புள்ளி வாங்கிக் கொடுத்த ஆசிரியன் நான். ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் நூற்றின் ஞாழற்பத்தையும் வெள்ளாங்குருகுப்பத்தையும் பொருள் பிரித்துச் சொல்ல என்னால் இயலும். ஞாழல் எது, வெள்ளாங்குருகு எது என்று ஒருவர் நேரில் காட்டிக் கேட்டால் தலைகவிழ வேண்டியவன். அதனினும் பெரிய பிழையொன்றும் செய்துவந்தேன். "நமக்குரியது குறிஞ்சி, நெய்தல் கரையோரத்தாருக்கு உரியது, தேர்வுக்காகப் படித்துவையுங்கள்" என்று ஆண்டுதோறும் சொல்லிவந்தேன். அது எத்துணைப் பிழையான உரை என்பதை ஒரு சிறு குடாவின் கரையிலே என் அன்னையார்தாம் எனக்கு உணர்த்தினார். அதனைச் சொல்லவே இக்கட்டுரை எழுந்தது.

மலையிலிருந்து இறங்கிய வழி

எங்கள் மலைத்தொடரின் கிழக்கு விளிம்பு திடீரென்று செங்குத்தாக இறங்கும். இன்று 'சிறிய உலக முடிவு' என்று உல்லாசப் பயணிகள் தேடிவரும் இடம் அதுவே. அங்கே நின்று பார்த்தால் கீழ்நாட்டுக் காடும் குளங்களும் விரிந்து கிடக்கும். என் இளமையில் தோட்டத்துப் பெரியவர்கள் அவ்விளிம்பில் நின்று கிழக்கே கை நீட்டி, "அந்தா தெரியுது பாரு கடலு" என்பார்கள். வெண்மையாய் ஒரு கோடு தெரியும். அது கடலா, கடலின் மேற் படிந்த முகிலா, அன்றிப் பெரியவர்களின் ஆசையா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. வழியளந்து பார்த்தால் எமது மலைக்கும் பொத்துவிற் கரைக்கும் நூற்றைம்பது கிலோமீற்றருக்கும் குறைவு. ஆயினும் அவ்வகுப்பின் இருபத்துநான்கு மாணவரில் கடலை நேரிற் கண்டவர் அறுவர் மட்டுமே.

சென்ற ஆவணியில் ஒரு தனியார் பஸ் வண்டியை ஒழுங்குசெய்துகொண்டு புறப்பட்டோம். மாணவர் இருபத்துநால்வர், ஆசிரியர் மூவர். இவர்களோடு எண்பதை எட்டிக்கொண்டிருக்கும் என் அன்னையார். உகந்தை வேலனை ஒருமுறை கும்பிட வேண்டும் என்பது அவரது நெடுநாள் வேண்டுதல். இளமையில் புத்தளைக் காட்டு வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்து சென்றவர். இப்போது கால்கள் இடங்கொடுப்பதில்லை.

அதிகாலை மூன்று மணிக்கு மடுல்சீமை, விடியுமுன் பசறை, அங்கிருந்து வளைந்து வளைந்து இறங்கும் வீதியில் மொனராகலை. அதுவரை போர்வைக்குள் ஒடுங்கியிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கம்பளிச் சட்டையைக் கழற்றினார்கள். சியம்பலாண்டுவையைக் கடந்ததும் காற்றின் சுவையே மாறிவிட்டது. லகுகலைக் குளத்தில் புல்லிடையே யானைகள் நின்றன. கோடையில் சுற்றுக் காடுகளில் நீர் வற்றும்போது அவை அங்கே கூடுவது வழக்கம். அருகிலுள்ள மகுல் மகா விகாரையிலேதான் காவந்தீச மன்னன் விகாரமாதேவியை மணந்தான் என்பது மரபு. தந்தை செய்த பிழைக்கு ஈடாகக் களனியிலே ஓடத்தில் வைத்துக் கடலில் விடப்பட்ட இளவரசி அவள். அவள் கரைசேர்ந்த இடம் கிரிந்தை என்பாரும் உளர். பொத்துவில் என்பாரும் உளர். கடல் கொண்டுவந்து சேர்த்த பெண் இந்த நாட்டின் அரசியானாள் என்று நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். என் அன்னையார் அதனைக் கேட்டுச் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று அப்போது நான் வினவவில்லை.

பொத்துவில்லில் தெருவோரத்து மரமொன்றின் நிழலில் வண்டியை நிறுத்திக் கட்டிச் சென்ற சோற்றை உண்டோம். அடர்ந்த நிழல். தடித்த, பளபளப்பான இலை. அதற்குமேல் அம்மரத்தை நான் கவனித்தேனில்லை. கடலைக் காணும் அவசரத்தில் இருந்தேன்.

அறுகங்குடா

பொத்துவில்லுக்குத் தெற்கே மூன்று கிலோமீற்றர் அளவில் அறுகங்குடா இருக்கிறது; உள்ளூரார் உல்லை என்பார்கள். உலகெங்குமிருந்து அலைச்சறுக்கு விளையாட்டினர் வந்து கூடும் இடம். ஏப்ரல் முதல் ஒக்ரோபர் வரை அவர்களுக்குப் பருவகாலம். தெருவின் இருபுறமும் விடுதிகளும் உணவுச்சாலைகளும். தம் உடம்பினும் நீண்ட பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முச்சக்கர வண்டியில் விரையும் வெள்ளையர். பல மொழிப் பெயர்ப்பலகைகள். இத்தெருவைத்தான் 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை அடித்துத் துடைத்தது என்பதை எண்ணும்போது, மனிதன் மீண்டும் எழும் வேகம் வியப்பளிக்கிறது.

அங்கே ஓர் இயற்கை நுட்பத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். தென்மேற்குப் பருவகாலத்தில் தென்திசைப் பெருங்கடலிலிருந்து வரும் அலை, குடாவின் தென்முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் நிலக்கூரை மோதி வளைகிறது. வளைந்து கரையோடு ஒட்டி நெடுந்தூரம் உருண்டு வருகிறது. அந்த நீண்ட உருளல்தான் விளையாட்டினர் தேடிவரும் பொருள். அதே நிலக்கூர் அலையின் வலிமையைத் தாங்கிக்கொள்வதால், அதன் மறைவில் இருக்கும் மூலையில் நீர் அடங்கிக் கிடக்கிறது; மீன்பிடி ஓடங்கள் அங்கே கட்டப்படுகின்றன. ஒரே முனை ஒருபுறம் ஆர்ப்பரிப்பையும் மறுபுறம் அமைதியையும் படைக்கிறது.

பிள்ளைகளுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. எனினும் கூச்சமாகவும் இருந்தது. கடலைவிட மனிதர் கூட்டமே கண்ணில் பட்டது. "ஐயா, இங்க நெய்தலக் காணமே" என்றான் ஒருவன். அவன் குறும்பாகச் சொன்னாலும் உண்மையே சொன்னான். நாங்கள் தெற்கு நோக்கிப் புறப்பட்டோம்.

உகந்தைச் சிறுகுடா

உல்லையிலிருந்து பாணமை ஊடாகச் சுமார் முப்பது கிலோமீற்றர். பாணமையில் சிங்களமும் தமிழும் நெடுங்காலமாகக் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த குடிகள் இருக்கின்றன. நம் கண்ணகி அங்கே பத்தினித் தெய்வமாக வழிபடப்பெறுகிறாள். அவள் பொருட்டுக் கொம்பிழுத்து விளையாடும் விழாவும் உண்டு. அவ்வூரைத் தாண்டினால் மனித வாடை குறைந்து காட்டு வாடை மிகும். குமனை வனத்தின் வாயிலிலே, ஒரு பாறைக்குன்றின் அடியில், உகந்தை முருகன் கோயில். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கால்நடையாகக் கதிர்காமம் செல்லும் அடியார்கள் கரையோரமாகப் பல வாரம் நடந்து இங்கே வந்து தங்கி, காட்டு வழி திறக்கும்வரை காத்திருப்பார்கள். நாங்கள் சென்றது ஆடித் திருவிழா முடிந்தபின். ஆளரவம் இல்லை. மணலில் பழைய அடுப்புக் கற்களும் சாம்பலும் மட்டும் இருந்தன.

முருகனும் வள்ளியும் ஓடங்களில் இக்கரையை அடைந்தனர், அவ்வோடங்கள் பின்னர்க் கல்லாயின என்பது தல மரபு. அவன் உகந்து தங்கிய இடமாதலின் உகந்தை என்றும் பெயர்க்காரணம் சொல்வார்கள். குன்றின் மேல் வள்ளியம்மைக்குக் கோயிலும், பாறையிடையே நீர் தேங்கும் சுனைகளும் உண்டு. குன்றிலே நின்றால் ஒருபுறம் அடர்காடு, மறுபுறம் நீலம்.

கோயிலிலிருந்து சில நூறு அடி நடந்து மணல்மேட்டைத் தாண்டினால் அச்சிறுகுடா கண்முன் விரிகிறது. விரிகிறது என்பதும் மிகை. ஒரு முனையில் பாறை. அதிலிருந்து உட்குழிந்து வளையும் மணல். கரையேற்றிய சில படகுகள். மீனவரின் வாடிகள் சில. அவ்வளவே. அறுகங்குடாவில் நான் விளக்கிய அதே நுட்பம் இங்கே கையடக்கமாக இருந்தது. பாறைக்கு அப்பால் வெண்ணுரை சிதற, இப்பால் நீர் மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. பருவத்துக்கு மேற்குக் கரையிலிருந்து வந்து வாடியமைத்துத் தொழில் செய்யும் மீனவர் ஒருவர், வலை பொத்திக்கொண்டே, "எங்களுக்கு இந்தக் கல்லுத்தான் துறைமுகம்" என்றார். ஓர் அதிகாரத்தின் உரையை ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

"அமைதியாக இருக்கிறதென்று நம்பிவிடாதீர்கள், முழங்காலுக்கு மேல் எவரும் இறங்கக்கூடாது" என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொன்னேன். அவர்கள் முழங்கால் அளவும் செல்லவில்லை. கடலை முதன்முறை காண்பவர் ஓடிச்சென்று குதிப்பார்கள் என்று எண்ணியிருந்தேன். மாறாக, நீர் விளிம்புக்குப் பத்தடி முன்னால் அனைவரும் நின்றுவிட்டார்கள். பின் ஒருத்தி செருப்பைக் கழற்றினாள். கோயில் வாயிலில் செய்வதுபோல் மற்றவரும் கழற்றினார்கள்.

நான் கையிற் கொண்டுசென்ற பட்டியலை எடுத்தேன். மணல்மேட்டில் படர்ந்து ஊதாநிறப் பூ விரித்திருந்தது அடும்பு. இரு பிளவாகிய அதன் இலையை மான்குளம்புக்கு ஒப்பிட்ட புலவனின் கண்ணை அன்றுதான் மெச்சினேன். முள் விளிம்புத் தாழையைக் கண்டோம். ஈரமணலில் கோடு கிழித்தோடி வளைக்குள் மறையும் அலவனைக் கண்டோம். அது கிழித்த கோட்டை அடுத்த அலை வந்து அழிப்பதையும் கண்டோம். வகுப்பறையில் ஒரு மணி நேரம் நான் விளக்கியும் விளங்காதது, அங்கே ஒரு கணத்தில் விளங்கிற்று. புன்னையை மட்டும் காணவில்லை. மேடெல்லாம் தேடிப் பார்த்தேன். அறிந்தால் அன்றோ கண்டுபிடிப்பதற்கு!

அன்னையின் வினா

என் அன்னையார் படகொன்றின் நிழலில் அமர்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அருகிற் சென்றேன்.

"தம்பி, அக்கா போன கடலு இதுதானா?"

வாசகர்களுக்கு இவ்விடத்தில் சிறிது வரலாறு சொல்ல வேண்டும். என் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து மலையேறியவர்கள். அவ்வழியில் மாண்டவர் தொகைக்குக் கணக்கில்லை. காடழித்துக் கோப்பியும் பின் தேயிலையும் நட்டு இந்நாட்டின் கருவூலத்தை நிறைத்த மக்களின் குடியுரிமை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் இல்லாதாயிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. எண்ணிப் பங்கிடப்பட்டவை மூட்டைகள் அல்ல, மனிதர்கள். எவரும் எம்மக்களை அழைத்து விருப்பம் கேட்டபின் இவ்வொப்பந்தத்தை எழுதவில்லை.

என் தந்தையார் இலங்கைக்கு விண்ணப்பித்தார். அன்னையாரின் ஒரே தமக்கையின் கணவர் இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். அவ்வளவுதான் வேறுபாடு. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பிராவில் இருந்த உடன்பிறந்தார் இருவர் 1971ஆம் ஆண்டில் இரு நாட்டினர் ஆனார்கள். பெரியம்மா குடும்பம் பதுளைப் புகையிரத நிலையத்தில் வண்டி ஏறியது. ஏறியவரும் ஏற்றிவிட்டவரும் அலறிய அலறலால் அவ்வண்டிகளை எங்கள் மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றே அழைத்தார்கள். அங்கிருந்து தலைமன்னார், தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு இராமானுஜம் என்னும் கப்பல், பின் மண்டபம் முகாம். அன்னையார் கண்டது பதுளை நிலையம் வரைதான். அதற்கு அப்பால் இருந்த கடலை அவர் கண்டதில்லை. தமக்கையைக் கொண்டுபோனது எது என்பது ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவருக்குத் தெரியாது.

பெரியம்மா குடும்பம் சென்று சேர்ந்த இடம் நீலகிரியில் கூடலூர். தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாட்டு அரசு 1968ஆம் ஆண்டில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் அங்கே இருந்தன. மலையிலிருந்து இறங்கி, கடலைக் கடந்து, மீண்டும் ஒரு மலையேறி, மீண்டும் அதே கொழுந்தைக் கிள்ளினார்கள். "இங்கயும் அதே குளிருதான், அதே கூடைதான், நீதான் இல்ல" என்று பெரியம்மா ஒருமுறை எழுதுவித்திருந்தார். 1980களின் நடுவில், போர் மூண்டு கப்பலும் நின்றபின், கடிதமும் நின்றுவிட்டது. எழுதிப் பார்த்தோம், மறுமொழி இல்லை.

நிற்க. அன்னையாரின் வினாவுக்கு நான் என்ன விடை கூறினேன் தெரியுமா? நில நூல் கற்பிப்பவனைப்போல விளக்கினேன். "இல்லையம்மா. பெரியம்மா போனது வடமேற்கில் இருக்கும் கடல். முப்பது கிலோமீற்றர்தான் அகலம். இது கீழ்க்கடல். இப்படியே நேரே போனால் சுமத்திராதான் வரும்" என்றேன்.

அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "முப்பதுன்னா, மொனராகலைக்குப் போற தூரங்கூட இல்லயே" என்றார். மேலும் சிறிது நேரம் கழித்து, "காலைல நீ சொன்னியே ராணி கத, அவ வந்தா கல்யாணம். நம்ம வந்தா கள்ளத்தோணி" என்றார். அந்தச் சிரிப்பின் பொருள் அப்போது விளங்கிற்று.

பின்னர் எழுந்து, என் கையைப் பற்றிக்கொண்டு நீர் விளிம்புக்கு வந்தார். ஓரலை வந்து பாதத்தை நனைத்தது. குனிந்து நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். அழவில்லை. ஊரில் சாவுவீட்டுக்குச் சென்று திரும்பும் பெண்கள் வாயிலில் நின்று தலையில் நீர் தெளித்துக்கொள்வார்கள்; அதே கை, அதே அசைவு. ஐம்பது ஆண்டு கழித்து ஒரு வழியனுப்பு அங்கே முற்றுப்பெற்றது. மாணவர் அனைவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எவரும் எதுவும் கேட்கவில்லை. அவர்களுள் அவ்வாறு பிரிந்த உறவு இல்லாத குடும்பத்தவர் மிகச் சிலரே.

திணை மயக்கம்

குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். எந்த மாணவனை எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். கடலிற் சென்றவனை எண்ணிக் கரையில் நிற்பவள் ஏங்குதல் இரங்கலாகும். அவ்வாறாயின், ஒப்பாரிக் கோச்சி மறைந்தபின் பதுளை நிலையத்து மேடையில் நின்ற பெண்கள் எத்திணை மாந்தர்? லயத்து வாயிலில் தபாற்காரனை எதிர்பார்த்து நின்ற என் அன்னையார் எத்திணைத் தலைவி? கடல் கண்ணிற்படாத நாலாயிரம் அடி உயரத்து மலையில் நெய்தல் ஒழுக்கம் நிகழ்ந்துகொண்டிருந்தது. அதன் நடுவில் நின்று நான், "நெய்தல் நமக்குரியதன்று" என்று பாடம் சொன்னேன்!

ஒரு நிலத்துக்குரிய ஒழுக்கம் மற்றொரு நிலத்தில் நிகழ்தலைத் தொல்காப்பியர் விலக்கவில்லை. நிலங்கள் மட்டும் தம்முள் மயங்கா என்பார். இச்சூத்திரத்தை எத்தனை முறை உரையோடு ஒப்புவித்திருப்பேன்! என் வீட்டு வாயிலிலேயே அதற்கு எடுத்துக்காட்டு அமர்ந்திருந்ததை அறிந்திலேன். உகந்தையைக் கண்டபின் மற்றொன்றும் தோன்றியது. குறிஞ்சித் தெய்வமாகிய சேயோன் ஓடமேறி வந்து கடலோரக் குன்றில் அமர்ந்திருக்கிறான். தென்னாட்டில் செந்திலம்பதியிலும் அலைவாயிலேதான் அமர்ந்தான். மலைக்குரியவன் கடலைக் கடந்தால் கடவுள் என்கிறோம். மலைக்குரிய மக்கள் கடலைக் கடந்தால் ஏன் வேறொரு பெயரிட்டோம்? அப்பெயரைச் சொன்னவருள் தமிழரும் இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை அளிக்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலே நிறைவேறியது. ஏட்டில் அக்குறை தீர்ந்தது. பிரிந்தவரைச் சேர்த்துவைக்கும் பிரிவு எந்தச் சட்டத்திலும் இல்லை.

மாலையில் திரும்பும்போது சாரதி பொத்துவில்லில் அதே மரத்தடியில் வண்டியை நிறுத்தினார். அவர் சிங்களவர், எங்கள் பகுதியைச் சேர்ந்தவர், தமிழும் ஓரளவு பேசுவார். நிழலுக்காக நிறுத்தியதாகச் சொல்லி, "தொம்ப கஹ நல்ல நெழல்" என்றார்.

தொம்ப என்ற சொல் என்னைத் தூக்கி நிறுத்தியது. புன்னைக்குச் சிங்களப் பெயர் அதுவென்று அகராதியிற் படித்திருந்தேன். அண்ணாந்து பார்த்தேன். தடித்த இலையிடையே சில வெண்பூக்கள். நடுவே பொன்னிறத் தாது. காலையில் அதன் நிழலிலிருந்து உண்டுவிட்டு, பகலெல்லாம் அதனைத் தேடி மணலில் அலைந்தவன் நான். சாரதியின் கையைப் பற்றி நன்றி சொன்னேன். எதற்கென்று அவருக்கு விளங்கவில்லை. புன்னையை எனக்குக் காட்டிய ஆசிரியர் அவர் என்பதை விளக்க என் சிங்களமும் போதவில்லை.

"பிள்ளைகளே, இதுதான் புன்னை" என்றேன். மூன்றாம் வரிசை மாணவி இறங்கி மரத்தைச் சுற்றிவந்தாள். உருண்டையான காய்கள் சில கீழே கிடந்தன. ஐந்தாறு பொறுக்கி அன்னையாரின் மடியில் இட்டு, நற்றிணைக் கதையை அவள் பேச்சிலேயே சொன்னாள். நான் ஒரு மணி நேரம் சொன்னதை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தாள். என்னிலும் நன்றாகச் சொன்னாள். அன்னையார் கேட்டுவிட்டு, "மரத்தப் போயி அக்கா தங்கச்சின்னு சொன்னாகளா?" என்றார். பின்னர் அக்காய்களை முந்தானையில் முடிந்துகொண்டார்.

அவற்றுள் மூன்றைப் பாடசாலை வேலியோரத்திலும் இரண்டை எங்கள் வாயிலிலும் ஊன்றினோம். கடலோரத்து மரம் எங்கள் குளிரைத் தாங்குவது அரிது என்று விவசாய ஆசிரியர் சொல்லிவிட்டார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். எங்கள் வாயிலில் ஒன்று முளைத்து இரண்டு இலை விட்டிருக்கிறது. மார்கழிப் பனி இனித்தான் வரவிருக்கிறது. அன்னையார் இரவில் அதன்மேல் கொழுந்துக் கூடையொன்றைக் கவிழ்த்து வைக்கிறார், காலையில் எடுத்துவிடுகிறார்.

இவ்வாண்டு நெய்தற்றிணையை நான் கருப்பொருட் பட்டியலில் தொடங்கவில்லை. "உங்கள் வீட்டிலிருந்து கடல் கடந்து போனவர் யார்?" என்று கேட்டுத் தொடங்கினேன். முப்பத்தொரு பேர் இருந்த வகுப்பில் இருபத்தாறு கைகள் உயர்ந்தன.